சிட்னியின் காலி வெண்கலம்: சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிர்ஸ்டி கோவென்ட்ரி அவர்களுக்கு,

வணக்கம். 2004 ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஏதென்ஸில் 200 மீட்டர் மல்லாந்த நீச்சலில் நீங்கள் தங்கம் வென்றீர்கள். தலையில் ஒலிவ இலைக் கிரீடம், கழுத்தில் பதக்கம், ஜிம்பாப்வேயின் தேசிய கீதம். எல்லாம் அந்த இடத்திலேயே, உரிய நேரத்திலேயே நடந்து முடிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அதே நகரத்தின் தெற்கே, வூலியாக்மெனி கடற்கரைச் சாலையில், 38 வயது ரஷ்யர் ஒருவர் 48 கிலோமீட்டரைச் சைக்கிளில் தன்னந்தனியாக ஓட்டி முடித்தார். அவருக்கும் ஒலிவக் கிரீடம் வைத்தார்கள். கழுத்தில் விழுந்தது வெள்ளி. அந்தப் பந்தயத்தின் தங்கம் அவருடையது என்று உங்கள் கமிட்டி அறிவித்தபோது 2012 ஆகஸ்ட் 10 ஆகிவிட்டது. லண்டன் ஒலிம்பிக்ஸே முடியப்போகிற நேரம்.

வியாசெஸ்லாவ் எகிமோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருக்காகக் கண்ணீர் விட அல்ல. அவருக்கே அது தேவைப்படாது என்பது என் ஊகம். ஒரு மனிதரின் இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் உங்கள் கமிட்டி இரண்டு விதமாக நடந்துகொண்டது: ஏதென்ஸில் ஊக்கமருந்துக்காரரின் பதக்கத்தைப் பறித்து அடுத்தவருக்குத் தந்தது, சிட்னியில் அப்படிப் பறித்த வெண்கலத்தை யாருக்கும் தராமல் காலியாக விட்டது. ஏன் என்று பதக்கப் பட்டியலைப் பார்க்கும் யாருக்கும் தெரிவதில்லை. என் கேள்வி அதுதான்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு எகிமோவ் யார் என்றே தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்து எல்லையை ஒட்டிய வீபோர்க் நகரத்தில் 1966-ல் பிறந்தவர். லெனின்கிராடில் அலெக்சாண்டர் குஸ்னெட்சோவ் என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்தார். டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் குடும்பப் பெயர் பழக்கமாக இருக்கும். ஸ்வெட்லானா குஸ்னெட்சோவா அவருடைய மகள்தான். ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த மாதமே அமெரிக்க ஓப்பனை வென்றவர். அம்மா கலினா சாரேவாவும் சைக்கிளில் பலமுறை உலகச் சாம்பியன். அந்த வீட்டில் சக்கரமில்லாத விளையாட்டுக்குப் போன ஒரே ஆள் ஸ்வெட்லானா என்று சொல்லிவிடலாம்.

எகிமோவ் முதலில் டிராக் வீரர், அதாவது சரிந்த வளைவுகள் கொண்ட வட்ட ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர். அவருடைய துறை பர்சூட்: எதிரெதிர்ப் பக்கங்களில் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்தும் பந்தயம். தனிநபர் பர்சூட்டில் 1985, 1986, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமெச்சூர் உலகச் சாம்பியன். 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் சோவியத் அணிக்காக அணி பர்சூட் தங்கம். நான்கு பேர், நான்கு கிலோமீட்டர். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் அடுத்தவரின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிகூட இருக்காது. முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனவர் வளைவில் மேலே ஏறி விலகுவார். மற்ற மூவரும் கடந்ததும் சரிவில் இறங்கி வாலில் ஒட்டிக்கொள்வார். மிதிக்காமல் உருளவிடும் கியர் இல்லை, பிரேக் இல்லை. மூன்றாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். அன்றைக்கு அவரோடு ஓட்டிய மூவரில் இருவர், உமாராஸும் காஸ்புடிஸும், லிதுவேனியர்கள். மூன்றே வருடத்தில் அந்த அணியின் ஜெர்சியில் இருந்த நாடே இல்லாமல் போனது.

இந்த டிராக் பயிற்சியை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பர்சூட்காரனுக்குத் தெரிந்த ஒரே வித்தை, தன் வேகத்தைத் தானே அளந்து, கடைசி மீட்டர்வரை அதைக் கலையாமல் பிடித்துவைப்பது. சாலையில் இதற்குப் பெயர் டைம் ட்ரையல். பக்கத்தில் போட்டியாளன் இல்லை, ஒதுங்க நிழல் இல்லை, கடிகாரம் மட்டும். எகிமோவின் மற்ற இரண்டு ஒலிம்பிக் தங்கமும் இதில் வந்தவைதான்.

1989-ல்தான் சோவியத் வீரர்கள் தொழில்முறை அணிகளுக்குப் போகும் கதவு திறந்தது. அடுத்த ஆண்டே எகிமோவ் பீட்டர் போஸ்டின் பானாசோனிக் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டே ஜப்பானில் தொழில்முறை பர்சூட் உலகப் பட்டம், 1991-ல் ஸ்டுட்கார்ட்டில் புள்ளிப் பந்தயத்தில் உலகப் பட்டம், அதே ஆண்டு, பிரான்ஸைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸில் மேக்கோன் ஊரில் முடிந்த ஒரு நாள் கட்டத்தில் வெற்றி, 1992-ல் ஜூரிச் பந்தயம். பெரிய நட்சத்திரமாக வருவார் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. மலையேற்றத்தில் மெலிந்த உடம்புக்காரர்களோடு அவரால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் அவர் வேறொன்றானார்: அடுத்தவருக்காகக் காற்றை வாங்குகிறவர், அதாவது எதிர்க்காற்றைத் தான் தாங்கி, பின்னால் வரும் அணித் தலைவரின் சக்தியை மிச்சப்படுத்துகிறவர். டூர் டி பிரான்ஸைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, மணிக்கணக்காகக் கூட்டத்தின் தலையில் ஒரே முகம் தெரியும், வர்ணனையாளர்கள் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். அந்த முகம் பல ஆண்டுகள் இவருடையது. 15 முறை டூர் தொடங்கி 15 முறையும் பாரிஸ் வந்து சேர்ந்தார். 2006-ல், 40 வயதில், கடைசி டூரின் கடைசி நாளில், சக வீரர்கள் ஒதுங்கி நின்று அவரை முதல் ஆளாக ஷான்ஸ் எலிசேக்குள் அனுப்பிவைத்தார்கள். பெயர் சொல்லப்படாமலே உழைத்தவருக்கு அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தரும் மரியாதை அது.

அவர் யாருக்காகக் காற்றை வாங்கினார் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். யு.எஸ். போஸ்டல் அணி. அதன் தலைவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். இந்தப் பெயரை ஒளித்துவைத்து எகிமோவைப் பற்றி எழுதினால் அது மடல் அல்ல, விளம்பரம். விளையாட்டு வரலாற்றிலேயே மிக நுட்பமான ஊக்கமருந்துத் திட்டத்தை நடத்திய அணி என்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012-ல் சொன்னது அந்த அணியைத்தான். எகிமோவ் மீது ஊக்கமருந்துத் தடை எதுவும் விதிக்கப்படவில்லை. அதற்கு மேல் அவருக்கு நற்சான்றிதழ் கொடுக்கவோ பழி சுமத்தவோ எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ரஷ்யாவின் விளையாட்டு அமைப்புகள்மீது பின்னாளில் நிரூபணமானவற்றைக் காட்டி, “ரஷ்யருக்கா வக்காலத்து?” என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ஆளைப் பார்த்து இரக்கப்படவோ வெறுக்கவோ நான் கேட்கவில்லை. பதிவேட்டைச் சரியாக எழுதச் சொல்கிறேன்.

இப்போது ஏதென்ஸுக்கு வருகிறேன்.

அன்று முதலில் வந்தவர் டைலர் ஹாமில்டன். முன்பு போஸ்டல் அணியில் எகிமோவோடு ஒரே பேருந்தில் போனவர். அப்போது ஃபோனாக் அணியில் இருந்தார். வித்தியாசம் சுமார் 19 விநாடி. ஹாமில்டனின் ரத்த மாதிரியில் சந்தேகம் வந்தது. அந்த ஆண்டில்தான் பிறருடைய ரத்தத்தை ஏற்றிக்கொள்பவர்களைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒலிம்பிக்ஸுக்குள் வந்திருந்தது. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் சிறு அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். எல்லா அணுக்களும் ஒரே மாதிரி இருந்தால் ஒருவருடைய ரத்தம். இரண்டு வகைக் கூட்டம் தெரிந்தால் இன்னொருவர் உள்ளே இருக்கிறார் என்று பொருள். முதல் மாதிரி அப்படித்தான் சொன்னது. உறுதிசெய்ய ‘பி’ மாதிரி, அதாவது அதே நேரத்தில் எடுத்துத் தனியாக வைக்கும் இரண்டாவது மாதிரி, வேண்டும். அதை ஆய்வகத்தில் குளிர்பதனத்தில் வைத்திருக்க வேண்டும், உறைய வைத்துவிட்டார்கள். உறைந்தால் சிவப்பணு வெடித்துவிடும். முழு அணு இல்லாமல் இந்தச் சோதனையே செய்ய முடியாது. சிறுநீர் மாதிரிகளை உறையவைத்தே பழகிய கை எதுவோ பழக்கதோஷத்தில் செய்த வேலையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதோடு வழக்கு முடிந்தது. தங்கம் ஹாமில்டனிடமே இருந்தது.

அடுத்த மாதமே ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் ஹாமில்டனின் இரண்டு மாதிரிகளும் அதே குற்றத்தைச் சொன்னன. இரண்டு ஆண்டு தடை. ஆனாலும் ஏதென்ஸ் பதக்கம் அசையவில்லை. ரஷ்யத் தரப்பு லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது; 2006-ல் அங்கேயும் கதவு மூடியது. ஓர் ஆய்வக உறைபெட்டி எடுத்த முடிவை எந்த நீதிபதியாலும் மாற்ற முடியவில்லை.

பிறகு என்ன மாறியது? அறிவியலா, உங்கள் விதிகளா? இரண்டும் இல்லை. 2011-ல் ஹாமில்டனே தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகும் உங்கள் அலுவலகம் ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பழைய முடிவை ரத்துசெய்ய அப்போது விதிப்படி காலக்கெடு எட்டு ஆண்டு. பந்தயம் நடந்தது 2004 ஆகஸ்ட் 18. நீங்கள் முடிவெடுத்தது 2012 ஆகஸ்ட் 10. எட்டு நாள் மிச்சம்! அந்த ஆள் மனசாட்சி உறுத்தி ஓர் ஆண்டு தாமதமாகப் பேசியிருந்தால் எகிமோவ் இன்றைக்கும் வெள்ளிக்காரர்தான். காலக்கெடு பின்னர் பத்து ஆண்டாக நீட்டப்பட்டது. நல்லது. ஆனால் குற்றவாளியின் ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பியா ஒரு பதக்கப் பட்டியல் இருக்க வேண்டும்?

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள் எங்கள் ஊரில். 46 வயதில் வந்த தங்கம் அப்படித்தான். இன்னொரு விஷயம். எகிமோவ் சியோலில் தங்கம் வென்றபோது ஒலித்தது சோவியத் கீதம். 2000-ல் சிட்னியில் ரஷ்யாவுக்கு வரிகளே இல்லாத வேறொரு கீதம் இருந்தது. அந்த ஆண்டு இறுதியில்தான் பழைய சோவியத் மெட்டைப் புதிய வரிகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆக, ஏதென்ஸில் உரிய நாளில் அவர் மேல்படியில் நின்றிருந்தால், இருபத்திரண்டு வயதில் கேட்ட அதே மெட்டை முப்பத்தெட்டில் திரும்பக் கேட்டிருப்பார். இதெல்லாம் எந்த விதிப்புத்தகத்திலும் வராது. நீங்கள் அந்தப் படியில் நின்றவர் என்பதால் சொல்கிறேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் வீரர்கள் ஆணையத்தின் தலைவராக இருந்த 2018-ல், தாமதமாகப் பதக்கம் பெறுகிறவர்கள் அதை எங்கே, எப்படிப் பெறுவது என்று தாங்களே தேர்வுசெய்ய ஆறு வழிகளைக் கமிட்டி ஏற்றது. அடுத்த ஒலிம்பிக்ஸில் வாங்கலாம். வேண்டாமென்றால் வீட்டாரோடு தனியாகவும் வாங்கலாம். 2024-ல் பாரிஸில் ஈபிள் கோபுரத்துக்கு எதிரே, கூட்டத்தின் நடுவே பலருக்கு அப்படிக் கொடுத்தீர்கள். சிட்னியில் ஓடிய ஜமைக்காவின் பெவர்லி மெக்டொனால்ட் 24 ஆண்டு கழித்து அங்கே தன் வெண்கலத்தை வாங்கினார். தொலைக்காட்சியில் பார்த்த எனக்கே தொண்டை அடைத்தது. நல்ல காரியம். ஆனால் அது விழா. என் கேள்வி அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது: யாருக்கு மாற்றித் தருவது, யாருக்குத் தராமல் காலியாக விடுவது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

சிட்னியைப் பாருங்கள். 2000 செப்டம்பர் 30, சென்டென்னியல் பூங்காவைச் சுற்றி டைம் ட்ரையல். எகிமோவ் முதல், யான் உல்ரிச் எட்டு விநாடி பின்னால், ஆம்ஸ்ட்ராங் மூன்றாவது. அன்று தன் தலைவரையே அவருடைய உதவியாளர் வீழ்த்தினார் என்பதைச் சைக்கிள் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங்கின் வெண்கலத்தைப் பறித்தீர்கள். நான்காவது வந்த ஸ்பெயினின் ஆபிரகாம் ஒலானோவுக்கு அது போகவில்லை. அந்த இடம் இன்றுவரை காலி.

2012 ஆகஸ்டில் ஏதென்ஸ் பட்டியலை நிரப்பினீர்கள். ஐந்து மாதம் கழித்து சிட்னி பட்டியலை நிரப்பாமல் விட்டீர்கள். இரண்டும் ஒரே விளையாட்டு, ஒரே வகைப் பந்தயம், ஒரே காலகட்டம். நிரப்பிய ஏதென்ஸ் பட்டியலாவது வெள்ளையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. வெள்ளிக்கு உயர்த்தப்பட்ட அமெரிக்கர் பாபி ஜூலிக், இரண்டே மாதத்தில், தொண்ணூறுகளின் பிற்பாதியில் தான் ஊக்கமருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டார். ஏதென்ஸுக்கு முந்தைய கதை என்பதால் பதக்கம் அவரிடமே இருக்கிறது. சிட்னியின் வெள்ளிக்காரர் உல்ரிச்சும் பின்னாளில் ரத்த மோசடியை ஒப்புக்கொண்டவர். சிட்னி முடிவு மாறவில்லை. ஒலானோவின் பெயரோ, 1998 டூரில் எடுத்த மாதிரிகளை மறுசோதனை செய்ததில் சிக்கியவர்களின் வரிசையில், பிரெஞ்சு செனட் 2013 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் வந்தது. ஆனால் அது உங்கள் முடிவுக்கு ஆறு மாதம் பிந்தியது. முடிவெடுத்த நாளில் அந்தக் காகிதம் வெளியில் இல்லை.

ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களையும் யாருக்கும் கொடுக்காமல் சர்வதேச சைக்கிள் சங்கம் 2012 அக்டோபரில் காலியாக விட்டது. சந்தேக மேகம் எல்லார் தலைமீதும் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது ஒரு நிலைப்பாடு. எனக்கு உடன்பாடுகூட. ஆனால் அந்த மேகம் 1999 முதல் 2005 வரை நின்றது என்றால், 2004 ஏதென்ஸ் அதன் கீழேதானே இருக்கிறது? அங்கே மட்டும் எப்படி வெயில் அடித்தது? ஓட்டப்பந்தயத்திலும் இதே கதை உண்டு. ஊக்கமருந்துக்காக அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸிடமிருந்து பறித்த சிட்னி 100 மீட்டர் தங்கம், இரண்டாவது வந்த கிரேக்க வீராங்கனைக்குப் போகவில்லை. அவருக்கு ஏதென்ஸில் சோதனைக்கு வராத வழக்கு இருந்தது. அதனால் அந்தப் பட்டியலில் தங்கமே இல்லை, இரண்டு வெள்ளி. அங்கே காரணம் என்னவென்று எல்லோருக்கும் புரிந்தது. அப்படியென்றால் காரணம் சொல்ல உங்களுக்குத் தெரியும்.

எல்லா இடங்களையும் நிரப்புங்கள் என்று கேட்க நான் வரவில்லை. சில இடங்கள் காலியாக இருப்பதுதான் மரியாதை என்றே நினைக்கிறேன். குற்றவாளியின் இடத்தில் அடுத்த குற்றவாளியை ஏற்றிவைத்துக் கீதம் பாடுவதைவிட அது மேல். நான் கேட்பது, ஒவ்வொரு நிரப்பலுக்கும் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் எழுத்தில் ஒரு காரணம். உங்கள் வலைத்தளத்தின் முடிவுப் பக்கத்திலேயே, பந்தயத்துக்கு அடியிலேயே அது இருக்கட்டும். முதலில் கோட்டைக் கடந்தவர் யார், யாருடைய முடிவு எந்தத் தேதியில் ரத்தானது, அடுத்தவர் ஏன் உயர்த்தப்பட்டார் அல்லது உயர்த்தப்படவில்லை. ஐந்தாறு வரி போதும். இன்றைக்கு ஒரு பள்ளிப் பிள்ளை ஏதென்ஸ் டைம் ட்ரையல் முடிவைத் தேடினால் எகிமோவ் தங்கம் என்று பார்க்கும். அந்த மனிதர் எட்டு ஆண்டு வெள்ளியோடு இருந்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உறைந்த மாதிரியைப் பற்றி ஒரு சொல் கண்ணில் படாது. ஆய்வகத்தின் பிழையும் சேர்ந்துதான் அந்தப் பந்தயத்தின் வரலாறு.

இரண்டாவதாக, ஆய்வகம் மாதிரியைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இன்னொரு வழி வேண்டும். சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு என்பது சரி. அவருக்குத் தண்டனை தராதீர்கள். ஆனால் கெட்டுப்போன மாதிரிக்கு அடுத்த மாதமே அதே ஆள் அதே குற்றத்தில் பிடிபட்டால், இரண்டாவதாக வந்தவர் மீண்டும் விசாரணை கேட்கும் உரிமையாவது இருக்க வேண்டாமா? பதக்கம் பறிபோகிறவருக்கு உள்ள வழக்கறிஞர், மேல்முறையீடு, காலக்கெடு எல்லாம் பதக்கம் கிடைக்காமல் போகிறவருக்கும் இருக்கட்டும். உங்கள் கமிட்டியில் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. எழுதத் தெரியாத விதியல்ல இது.

எகிமோவ் பின்னர் கத்யூஷா அணியை நடத்தினார், ரஷ்ய சைக்கிள் கூட்டமைப்பின் தலைவரும் ஆனார். அந்தப் பொறுப்புகளில் அவர் செய்தது, செய்யாதது பற்றிப் பேச இன்னொரு மடல் வேண்டும். ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டியை 2023-ல் நீங்கள் இடைநீக்கம் செய்ததும் வேறு கதை. அவற்றைக் காட்டி இந்தக் கேள்வியை ஒத்திப்போட வேண்டாம் என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். சிட்னி வெண்கலத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

முதலில் சிட்னி ஆண்கள் டைம் ட்ரையல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று அங்கே நான்கு வரி எழுதி வெளியிடுங்கள். அடுத்ததாக ஏதென்ஸ். இரண்டையும் படித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பந்தயங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன்